காதுகேளாத குழந்தையோடு வீடியோ காலில் கதை வாசிப்பது: பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் முழுமையான வழிகாட்டி

காது கேட்கும் குழந்தை மடியில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டே கதையைக் கேட்கும். கண் படத்தில் இருக்கும், காது அம்மாவின் குரலில் இருக்கும். காதுகேளாத குழந்தைக்கு இரண்டு வேலையையும் கண்ணே செய்தாக வேண்டும். படத்தைப் பார்த்தால் கையசைவு தவறிப்போகும், கையைப் பார்த்தால் படம் தவறிப்போகும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் இனி சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் ஏன் என்று தானாகப் புரிந்துவிடும்.

காதுகேளாத குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அந்தப் பெற்றோர் பலருக்குத் தங்கள் குழந்தைதான் வாழ்க்கையில் நெருங்கிப் பழகும் முதல் காதுகேளாத மனிதர். சைகை மொழியைக் குழந்தையோடு சேர்ந்தேதான் கற்கிறார்கள். காதுகேளாத பெரியவர் ஒருவர் குழந்தைக்கு எப்படிக் கதை வாசிப்பார் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கவே மாட்டார்கள். அப்படி வாசிக்கத் தெரிந்தவர் பக்கத்துத் தெருவில் இருப்பதும் அபூர்வம். வீடியோ கால் அவரை வீட்டுக்குள் அழைத்து வருகிறது.

இது புதிய யோசனையும் இல்லை. அமெரிக்காவின் கேலடெட் பல்கலைக்கழகத்தில் உள்ள லோரன் கிளெர்க் தேசிய காதுகேளாதோர் கல்வி மையம் 1990களில் பகிர்ந்து வாசிக்கும் திட்டம் ஒன்றை வளர்த்தெடுத்தது. காதுகேளாத பெரியவர்கள் குழந்தைகளுக்கு எப்படி வாசிக்கிறார்கள் என்று கவனித்து, அதிலிருந்து 15 கொள்கைகளைத் தொகுத்தார்கள். அதில் பயிற்சி பெற்ற காதுகேளாதவர்கள் வீடுகளுக்கே போய்ப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பை போகும். அதில் ஒரு புத்தகம், அந்தக் கதையைச் சைகையில் சொல்லும் வீடியோ கேசட், செய்து பார்க்கச் சில விளையாட்டுக் குறிப்புகள், வாசிப்புக் குறிப்பு எழுதிய புத்தக அடையாளச் சீட்டு. நாம் இப்போது செய்யப்போவது கிட்டத்தட்ட அதேதான். கேசட்டின் இடத்துக்கு வாட்ஸ்அப் வீடியோ வந்திருக்கிறது, கதவைத் தட்டும் இடத்துக்கு லிங்க் வந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு அரை மணி நேர வீடியோ காலால் மட்டும் ஒரு குழந்தை வாசிக்கக் கற்றுவிடாது. மீதி நாட்களில் வீட்டில் யார் புத்தகத்தைத் திறக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் திரையில் வருபவரின் உண்மையான மாணவர் அம்மாவோ, அப்பாவோ, தாத்தாவோ, பாட்டியோதான். குழந்தை அந்தக் கதையை அனுபவிக்க வந்திருக்கிறது.

படி 1: வீட்டில் எந்த மொழி இருக்கிறது?

காதுகேளாத குழந்தைகள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. ஒரு குழந்தை முழுக்கச் சைகையில் பேசும். இன்னொன்று காதொலிக் கருவியோ காக்ளியர் இம்பிளாண்டோ (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கருவி) வைத்துக்கொண்டு பேச்சைக் கேட்கும். பல குழந்தைகள் இரண்டையும் கலந்து பயன்படுத்தும். கருவி இருக்கிறது என்பதாலேயே எல்லாம் கேட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம். சைகை காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. குழந்தைக்கு முழுசாக எட்டுகிற மொழி ஒன்று சின்ன வயதிலேயே கிடைக்க வேண்டும். எழுத்து அதன் மேல்தான் நிற்கும்.

முதல் வீடியோ காலில் புத்தகத்தை எடுக்கவே வேண்டாம். 20 நிமிடம் பேசினால் போதும். குழந்தைக்கு எந்தச் சைகைகள் தெரியும், வீட்டில் யார் யார் சைகை காட்டுவார்கள், எதைப் பார்த்தால் குழந்தை துள்ளிக் குதிக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குழந்தை வீட்டுக்குள்ளேயே உருவாக்கிக்கொண்ட சைகைகள் சில இருக்கும். அவற்றைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். முறையான சைகையோடு அவற்றையும் சேர்த்துக் காட்டும்போது, திரையில் இருப்பவர் தன் ஆள் என்று குழந்தை உணர்ந்துவிடும்.

வாசிப்பவர் காதுகேளாதவராகவும், பெற்றோருக்குச் சைகை அவ்வளவாகத் தெரியாமலும் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும். அந்த வேலையைக் காது கேட்கும் அண்ணன் தலையிலோ அக்கா தலையிலோ கட்டிவிடாதீர்கள். அவர்களும் கதை கேட்க வேண்டிய பிள்ளைகள்தான்.

படி 2: வெளிச்சம், இடம், கேமரா

சைகைக்கு எச்டி தெளிவை விடச் சீரான அசைவு முக்கியம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1999இல் வெளியிட்ட குறிப்பு ஒன்று, சைகை உரையாடலுக்கு நொடிக்கு 20 படச் சட்டங்களாவது வேண்டும் என்கிறது. படத்தின் அளவோ 352க்கு 288 புள்ளிகள் இருந்தாலே போதும். இன்றைக்குச் சாதாரண போன் கேமராவே அதைத் தாண்டிவிட்டது. ஆனால் இணைப்பு இழுத்து இழுத்து, நொடிக்குப் பத்துச் சட்டங்களாகக் குறைந்தால் விரல்கள் கரைந்துபோகும். அதனால் இணைப்பு மோசமாக இருக்கும் நாளில் படத்தின் தரத்தைக் குறையுங்கள், தேவையில்லாத ஆட்களின் கேமராவை அணையுங்கள், வீட்டில் வேறு யாராவது வீடியோ பார்த்தால் அரை மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள், வைஃபை ரூட்டருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். அப்படியும் படம் விட்டுவிட்டு வந்தால் வீடியோ காலைத் தள்ளிப்போடுவதே நல்லது. பாதி தெரியும் சைகையைப் பார்த்துக் குழந்தை குழம்புவதை விட அது மேல்.

வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருந்து வர வேண்டும். ஆரம்பத்தில் நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு கதை முழுவதையும் வாசித்தேன். என் முகம் கறுப்பு நிழலாகத்தான் அந்தப் பக்கம் தெரிந்திருக்கிறது. சைகை மொழியில் புருவமும் வாயும் இலக்கணத்தின் பாகம். கேள்வியா, மறுப்பா, ஆச்சரியமா என்பதை முகம்தான் சொல்லும். முகம் தெரியாவிட்டால் பாதி வாக்கியம் போய்விடும்.

தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு, இடுப்பு வரை, இரண்டு முழங்கையும் கட்டத்துக்குள் அடங்கும்படி உட்காருங்கள். போனாக இருந்தால் படுக்கைவாட்டில் வைத்து, எதன் மேலாவது சாய்த்து நிறுத்துங்கள். கையில் போனைப் பிடித்துக்கொண்டு சைகை காட்ட முடியாது. உடுப்பு ஒரே நிறமாக, தோலின் நிறத்திலிருந்து மாறுபட்டதாக இருக்கட்டும். கோடு போட்ட சட்டை, மினுக்கும் வளையல், பெரிய மோதிரம் எல்லாம் கண்ணைக் கூசவைக்கும். பின்னால் வெறும் சுவர் போதும்.

மெய்நிகர் பின்னணி, பின்னணியை மங்கலாக்குவது இரண்டையும் கட்டாயம் அணைத்துவிடுங்கள். கை வேகமாக அசையும்போது செயலி அதைப் பின்னணி என்று நினைத்து அழித்துவிடும்.

வீட்டுப் பக்கத்தில்தான் ஏற்பாடு இன்னும் முக்கியம். பொதுவாகக் குழந்தையைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு அம்மா பின்னால் நிற்பார். அப்படி நின்றால் அம்மா பார்வையாளர் ஆகிவிடுவார். திரை ஒரு பக்கம், அம்மா அதற்குப் பக்கத்திலேயே, குழந்தை இருவருக்கும் எதிரே, புத்தகம் நடுவில். குழந்தை தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் நகர்த்தினால் திரை, அம்மாவின் கை, புத்தகம் மூன்றும் தெரிய வேண்டும். வாசிப்பவருக்கும் அம்மாவும் குழந்தையும் சேர்ந்து ஒரே கட்டத்தில் தெரிய வேண்டும். இதற்குப் போனைக் கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். முதல் நாள் பத்து நிமிடம் இதற்கே போனாலும் பரவாயில்லை.

படி 3: செயலியில் மாற்ற வேண்டியவை

வீடியோ செயலிகள் பேசும் குரலை வைத்துத்தான் யாரைப் பெரிதாகக் காட்டுவது என்று முடிவு செய்கின்றன. சைகைக்குச் சத்தம் இல்லை. அதனால் கதை சொல்பவர் மும்முரமாகக் கதை காட்டிக்கொண்டிருக்கும்போது, யாரோ இருமினால் திரை முழுக்க இருமியவர் வந்துவிடுவார். இதைத் தடுக்க வழி இருக்கிறது. ஜூமில் யார் வேண்டுமானாலும் கதை சொல்பவரின் கட்டத்தைத் தன் திரையில் ‘பின்’ (pin) செய்து, நகராமல் நிறுத்திக்கொள்ளலாம். கூட்டத்தை நடத்துபவர் ஸ்பாட்லைட் கொடுத்தால் எல்லார் திரையிலும் அவர் நிற்பார். மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அவரையும் சேர்த்து ஸ்பாட்லைட் கொடுங்கள். வேறு எந்தச் செயலியாக இருந்தாலும் பின் செய்யும் வசதி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

தன் முகத்தைத் திரையில் பார்த்தால் குழந்தை அதிலேயே லயித்துவிடும். சுயக் காட்சியை மறைத்துவிடுங்கள். உங்கள் திரையில் புத்தகத்தின் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித் தெரிந்தால் பதற வேண்டாம். அது உங்களுக்கு மட்டும்தான் அப்படி, மற்றவர்களுக்கு நேராகத் தெரியும்.

ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். சின்னக் குழந்தையோடு வாசிக்க அதுவே தாராளம்.

தானியங்கி எழுத்து வசனம் இன்னும் வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு உதவாது. ஆனால் பெற்றோரும் காதுகேளாதவர்களாக இருந்தாலோ, வாசிப்பவர் பேச்சில் விளக்கம் சொன்னாலோ அது தேவைப்படும். தப்பும் தவறுமாக வரும் என்பதால் முக்கியமானதை சாட்டில் எழுதிவிடுங்கள்.

பாதுகாப்பையும் இங்கேயே முடித்துவிடலாம். கடவுச்சொல்லும் வெயிட்டிங் ரூமும் கட்டாயம். வீட்டுப் பெரியவர் ஒருவர் கால் முடியும்வரை குழந்தையோடு இருக்க வேண்டும். பெற்றோர் சம்மதிக்காமல் பதிவு செய்யக்கூடாது. சம்மதித்த பதிவும் அந்தக் குடும்பத்துக்கு வெளியே போகக்கூடாது.

படி 4: இரண்டு வீட்டிலும் ஒரே புத்தகம்

ஸ்கிரீன் ஷேர் செய்து பக்கங்களைக் காட்டுவது சுலபம்தான். ஆனால் அப்படிச் செய்தவுடன் கதை சொல்பவர் மூலையில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடுவார். கால் முடிந்ததும் புத்தகமும் மறைந்துவிடும். அதனால் முடிந்தவரை அச்சுப் புத்தகத்தை ஒரு வாரம் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். உங்களிடம் ஒன்று, அவர்களிடம் ஒன்று. குழந்தை பக்கத்தைத் தொடட்டும், புரட்டட்டும், மடக்கட்டும். திரை முழுவதும் உங்கள் கைக்கும் முகத்துக்கும் கிடைக்கும்.

அச்சுப் பிரதி கிடைக்கவே இல்லை என்றால், 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் குழந்தைக் கதைகள் இலவசமாக இருக்கின்றன. திறந்த உரிமத்தில் வெளியாவதால் அச்சடித்துக்கொள்ளலாம், பகிரலாம், சைகை சேர்த்து வீடியோவாகவும் ஆக்கலாம். எழுதியவர், வரைந்தவர் பெயரைச் சேர்த்துச் சொன்னால் போதும். கடையில் வாங்கிய புத்தகத்தை வாசித்துப் பொதுவில் பதிவேற்றுவதற்குப் பதிப்பகத்தின் அனுமதி தேவை. ஸ்கிரீன் ஷேர் செய்தே ஆக வேண்டும் என்றால், ஜூமில் பக்கத்தையும் ஆளையும் அருகருகே காட்டும் வசதி இருக்கிறது. நடுக்கோட்டை இழுத்து இரண்டையும் சம அளவாக்கச் சொல்லுங்கள்.

படம் பெரிதாகவும், ஒரு பக்கத்தில் ஒன்றிரண்டு வரியும், திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியமும் உள்ள புத்தகம் சிறந்தது. எதுகை, ஒலிக்குறிப்புச் சொற்களை நம்பி நிற்கும் கதைகளைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். அதன் சுவை காதில் இருக்கிறது.

படி 5: காலுக்கு முன் உங்கள் வீட்டுப்பாடம்

புத்தகத்தை மூன்று முறை வாசியுங்கள். முதல் முறை கதைக்காக.

இரண்டாம் முறை, எழுதாமல் விட்டவற்றுக்காக. ஒரு பக்கத்தில் ‘பூனை கட்டிலுக்குக் கீழே ஒளிந்தது’ என்று இருக்கிறது. ஏன் ஒளிந்தது? முந்தின பக்கத்தில் நாய் உள்ளே வந்தது. பூனைக்குப் பயம். காது கேட்கும் குழந்தை வீட்டில் ஆயிரம் பேச்சு காதில் விழுந்து இந்த முடிச்சை அவிழ்க்கப் பழகியிருக்கும். நம் குழந்தைக்கு அதை வெளிப்படையாகக் காட்ட வேண்டும். நாய் வந்தது, பூனை பார்த்தது, நடுங்கியது, அப்புறம் ஒளிந்தது. எழுத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று தயங்க வேண்டாம். காதுகேளாத பெரியவர்கள் இப்படித்தான் வாசிக்கிறார்கள். முதல் முறை கதையாகச் சொல்வார்கள், அடுத்தடுத்த முறைகளில் கொஞ்சம் கொஞ்சமாக எழுத்துக்கு நெருங்கி வருவார்கள்.

மூன்றாம் முறை, சொற்களுக்காக. ஐந்து சொற்கள் மட்டும் எடுங்கள். இங்கே தமிழ் வாசிக்கும் குழந்தைக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ‘நாய் பூனையைத் துரத்தியது’, ‘பூனையை நாய் துரத்தியது’ இரண்டும் ஒன்றுதான். ‘நாயைப் பூனை துரத்தியது’ என்றால் கதையே தலைகீழ். யார் யாரைத் துரத்தினார்கள் என்பதை அந்தச் சின்ன ‘ஐ’தான் சொல்கிறது. சைகையில் நாயை ஒரு பக்கமும் பூனையை ஒரு பக்கமும் நிறுத்தி, கையை இங்கிருந்து அங்கே ஓட்டினால் போதும், விஷயம் தெளிவு. ஆக, குழந்தைக்குப் பொருள் புரியும், ஆனால் அந்தப் பொருள் தாளில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. அதனால் சொல் அட்டை எழுதும்போது பூனையை, கட்டிலுக்கு, வீட்டில் என்ற சொற்களின் கடைசித் துண்டை மட்டும் வேறு நிறத்தில் எழுதுங்கள். சைகையில் கை போகும் திசையைக் காட்டிவிட்டு அந்த நிறத் துண்டைத் தொட்டுக் காட்டுங்கள். மாதக் கணக்கில் செய்தால்தான் பலன் தெரியும், ஆனால் தெரியும்.

அப்புறம், அந்த ஐந்து சொற்களையும் ஓரிரு முக்கிய வாக்கியங்களையும் சைகையில் காட்டி இரண்டு மூன்று நிமிட வீடியோ எடுத்துப் பெற்றோருக்கு அனுப்பிவிடுங்கள். வீடியோ காலில் குழந்தைக்கு முன்னால் முதன்முறையாகச் சைகை கற்கும்படி எந்த அம்மாவையும் வைக்கக்கூடாது. முன்கூட்டியே தெரிந்துகொண்டு வருபவரின் கையில் தைரியம் இருக்கும்.

படி 6: அந்த அரை மணி நேரம்

முதல் ஐந்து நிமிடம் வெறும் வணக்கம். பெயர்ச் சைகை (ஒவ்வொருவரையும் குறிக்க வைத்துக்கொள்ளும் தனிச் சைகை), இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், கையில் என்ன காயம் என்று சும்மா பேசுங்கள். கண்ணும் கண்ணும் பழக நேரம் கொடுங்கள்.

அட்டைப்படத்தைக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் புத்தகம் அதே பக்கத்தில் திறந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். பக்க எண்ணைக் கையால் காட்டினால் போதும்.

ஒரு பக்கத்துக்கான வரிசை இதுதான். முதலில் படத்தைப் பார்க்கவிடுங்கள். நீங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். குழந்தை பார்த்து முடித்து, நிமிர்ந்து திரையைப் பார்க்கும். அந்த நொடியில் சைகையைத் தொடங்குங்கள். மறுபடி புத்தகத்துக்குக் குனிந்தால் நிறுத்துங்கள். காது கேட்கும் ஆசிரியர்களுக்கு இந்த மௌனம் ஆரம்பத்தில் சங்கடமாக இருக்கும். நேரம் வீணாகிறது என்று கை தானாக எழும். குழந்தை குனிந்திருக்கும்போது காட்டிய சைகை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் குழந்தைக்கு அது நடக்கவே இல்லை.

முக்கியச் சொல் வரும்போது சங்கிலி போடுங்கள். படத்தில் பூனையைத் தொடுங்கள், பூனைக்கான சைகையைக் காட்டுங்கள், ‘பூனை’ என்ற அச்சுச் சொல்லைத் தொடுங்கள், விரலெழுத்தோ (ஒவ்வொரு எழுத்தையும் விரலால் காட்டுவது) எழுத்து அட்டையோ உங்கள் வழக்கப்படி எழுத்து எழுத்தாகக் காட்டுங்கள், மறுபடி சைகை. சைகை, எழுத்து, சைகை என்று நடுவில் எழுத்தை வைத்து மூடுவதும் உண்டு. இந்த இரண்டு வழிகளுமே காதுகேளாத ஆசிரியர்களின் வகுப்பறைகளில் இயல்பாக நடப்பவை. ஒரு பக்கத்துக்கு ஒரு சங்கிலிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் கதை செத்துப் பாடம் மட்டும் மிஞ்சும்.

நேரில் வாசிக்கும்போது குழந்தையின் தோளைத் தட்டி அழைப்போம், அதன் கையிலேயே சைகையை வைத்துக் காட்டுவோம், பூனையைக் குழந்தையின் முழங்கால் மேல் ஏறவைப்போம். திரை வழியாக இது எதுவும் முடியாது. அந்தத் தொடுகை எல்லாம் வீட்டில் இருப்பவருடையது. ‘அம்மா, தோளைத் தொடுங்கள்’, ‘அப்பா, பூனை அவள் காலுக்கு அடியில் ஒளியட்டும்’ என்று சொல்லுங்கள். பெற்றோரைக் கதைக்குள் இழுக்க இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு திரைச் சிக்கல், சுட்டுவது. ஒவ்வொருவர் திரையிலும் கட்டங்கள் வெவ்வேறு இடத்தில் இருக்கும். நீங்கள் வலது பக்கம் விரல் நீட்டி ‘நீ சொல்’ என்றால் யாரைச் சொல்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது. பெயர்ச் சைகையைப் பயன்படுத்துங்கள். கேள்வி கேட்டால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். இணைப்பின் தாமதம் ஒருபுறம், குழந்தை யோசிக்கும் நேரம் மறுபுறம்.

குழந்தை திடீரென்று மூன்றாவது பக்கத்துக்குத் திரும்பிப் போய் எலியைக் காட்டினால் நீங்களும் எலியிடம் போங்கள். கதையை முடித்தாக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. நாயாக நடிக்கச் சொல்லுங்கள், பூனையாக ஒளியச் சொல்லுங்கள். நாற்காலிக்குக் கீழே ஒளிந்துவிட்டு வந்த குழந்தைக்குக் ‘கீழே’ என்ற சொல்லை அதன் பிறகு மறக்கத் தெரியாது.

கண் களைத்துப்போகும். தொடர்ந்து கண்ணால் மட்டுமே கேட்பது கடினமான வேலை. மூன்று வயதுக் குழந்தைக்குப் பத்து நிமிடக் கதையே போதும். பெரிய குழந்தைக்கு இருபது. கண்ணைக் கசக்கினால், திரையை விட்டு முகம் திரும்பினால் நிறுத்திவிடுங்கள்.

படி 7: புத்தகத்தைப் பெற்றோர் கைக்கு மாற்றுவது

அதே புத்தகத்தை மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் நீங்கள் வாசிக்கிறீர்கள். இரண்டாம் வாரம் பாதிப் பக்கங்கள் பெற்றோருடையவை. மூன்றாம் வாரம் முழுக்க அவர்கள், நீங்கள் பார்வையாளர்.

பெற்றோர் வாசிக்கும்போது நடுவில் திருத்தாதீர்கள். ஒரு சைகை தவறினால் தவறட்டும். குழந்தையின் முன்னால் திருத்தப்பட்ட அப்பா அடுத்த வாரம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவார். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த காதுகேளாத ஆசிரியை கால் முடியும்வரை எதுவுமே சொல்ல மாட்டார். குழந்தை விளையாடப் போனதும் ஐந்து நிமிடம் பெற்றோரோடு மட்டும் பேசுவார். முதலில் ‘நாய் வந்தபோது உங்கள் முகம் மாறியது, அவள் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்’ என்று தான் கண்ட ஒன்றைக் குறிப்பாகச் சொல்வார். அப்புறம் அடுத்த வாரத்துக்கு ஒரே ஒரு விஷயம். ‘பக்கத்தைத் திருப்பியதும் அவள் நிமிரும்வரை காத்திருங்கள்.’ அவ்வளவுதான். நான் ஐந்து குறிப்பு எழுதி வைத்திருப்பேன், அவர் ஒன்றைத்தான் சொல்வார். அந்த ஒன்று அடுத்த வாரம் நடந்திருக்கும்.

சைகை சரியாக வராது என்று வெட்கப்படும் பெற்றோர் நிறைய. முகபாவம், சுட்டுதல், நடிப்பு, தெரிந்த பத்துச் சைகை இவற்றை வைத்தே ஒரு கதையைச் சொல்ல முடியும் என்று காட்டுங்கள். தெரியாத சைகை வந்தால் குழந்தையோடு சேர்ந்து திரையைப் பார்த்துக் கேட்கலாம். அம்மாவும் கற்கிறாள் என்று குழந்தை பார்ப்பது நல்லதுதான்.

பேச்சைக் கேட்கும் குழந்தையாக இருந்தால்

காலுக்கு முன் கருவி வேலை செய்கிறதா என்று வீட்டில் இருப்பவர் பார்க்க வேண்டும். டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிச் சோதனை எளிது. ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஒலிகளை, உதடு தெரியாதபடி, வழக்கமான குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டும் அல்லது கேட்டது என்று கையைத் தூக்க வேண்டும். இதைத் திரை வழியாகச் செய்யாதீர்கள். செயலிகளின் இரைச்சல் நீக்கும் வசதி ஸ், ஷ் போன்ற ஒலிகளையும் சேர்த்து மழுக்கிவிடலாம். ஜூமில் ஒரிஜினல் சவுண்ட் என்ற வசதியைப் போட்டால் ஓரளவு சரியாகும். கருவியில் புளூடூத் இருந்தால் ஒலியை நேரடியாக அதற்கே அனுப்பிப் பாருங்கள்.

உதட்டசைவை மட்டும் நம்ப வேண்டாம். பாடு, மாடு இரண்டையும் கண்ணாடி முன் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். பணி, மணி சொல்லிப் பாருங்கள். ஒரு வித்தியாசமும் தெரியாது. க, ங தொண்டைப் பக்கம் உருவாவதால் உதட்டில் தெரியவே தெரியாது. அதனால் அச்சுச் சொல் இங்கே இரட்டை உதவி செய்கிறது, காதில் குழம்பியது தாளில் பிரிந்து நிற்கும். புத்தகத்தால் வாயை மறைக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசட்டும். திரையிலிருந்து வரும் குரலை விடப் பக்கத்தில் இருக்கும் அப்பாவின் குரல் எப்போதும் தெளிவாகக் கேட்கும். அதனால் முக்கிய வரியை நீங்கள் சொன்னதும் அவர் மறுபடி சொல்லட்டும்.

கால் இல்லாத நாட்களில்

தினமும் பத்து நிமிடம், அதே புத்தகம். பெரியவர்களுக்குச் சலிக்கும், குழந்தைக்குச் சலிக்காது. நீங்கள் அனுப்பிய சைகை வீடியோவைப் பார்க்கலாம், ஆனால் புத்தகம் கையில் திறந்திருக்கட்டும். வாரத்தில் ஒருநாள் குழந்தையே கதையைச் சைகையில் சொல்ல, பெற்றோர் போனில் பிடித்து உங்களுக்கு அனுப்பட்டும். இதைவிட நல்ல தேர்வுத்தாள் கிடையாது. எந்த நிகழ்ச்சியை விட்டது, எதற்குச் சிரித்தது, எந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டியது என்று பாருங்கள். வெளியூரில் இருக்கும் தாத்தா பாட்டியையும் இன்னொரு நாள் வீடியோ காலில் அழைத்து, குழந்தை அவர்களுக்குக் கதை சொல்லட்டும். அவர்களும் நான்கு சைகை கற்றுக்கொள்வார்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் நடக்காதபோது

குழந்தை எழுந்து ஓடினால் துரத்த வேண்டாம். பெற்றோரும் நீங்களும் கதையைத் தொடருங்கள், கொஞ்சம் மிகையாகச் சிரியுங்கள். பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். வராவிட்டால் அந்த நேரம் பெற்றோரின் பயிற்சிக்குப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். வாரம் தவறாமல் ஓடுகிறது என்றால் நேரத்தை மாற்றிப் பாருங்கள், அல்லது புத்தகம் பிடிக்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

படம் உறைந்து நின்றால் குழந்தைக்கு அது புரியாது, நீங்கள் கோபித்துக்கொண்டதாக நினைக்கலாம். ‘படம் நின்றுவிட்டது’ என்பதற்கு ஒரு சைகையை முதல் நாளே சேர்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். அப்போது வீட்டில் இருப்பவர் கதையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் பேசிவையுங்கள். பல அப்பாக்கள் தனியாக வாசிக்கத் தொடங்கியதே இணைப்பு அறுந்த ஒரு நாளில்தான்.

பல குடும்பங்களைச் சேர்த்து நடத்த ஆசை வரும். மூன்று குடும்பம் வரை சரி. அதற்கு மேல் கட்டங்கள் சிறிதாகி யாருடைய கையும் தெரியாது. ஆனாலும் மாதம் ஒருமுறை சேர்த்துச் சந்திக்கவையுங்கள். தன்னைப் போலவே கையால் பேசும் இன்னொரு குழந்தையைத் திரையில் பார்க்கும்போது சில குழந்தைகள் திரையைத் தொட்டுப் பார்க்கும்.

நான்கைந்து புத்தகம் ஆனதும் வாராவாரம் வரும் வீடியோ காலை இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள். வீட்டு வாசிப்பு அப்போதும் நிற்காமல் நடக்கிறது என்றால் மாதத்துக்கு ஒன்று போதும். குறைந்துபோனால் கூச்சமில்லாமல் பழையபடி வாரத்துக்கு ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். அடுத்த புத்தகத்தை இனி அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் அதற்கான சைகை வீடியோவை மட்டும் அனுப்பிவையுங்கள்.